எல்லைக்கு இருபுறத்து ஊர்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு ஊரைப் பற்றிப் பேசலாம் என்று செயற்குழுவினர் விரும்பினார்கள். நம் காலனியில் வாழும் குடும்பங்களில் பல, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவை. வேறு பல, அவற்றை அடுத்துள்ள களியக்காவிளை, கொல்லங்கோடு, அருமனைப் பக்கத்திலிருந்து வந்தவை. "உங்கள் ஊர் கேரளமா, தமிழ்நாடா?" என்று அண்டை வீட்டார் கேட்டால், நம் பிள்ளைகள் சற்றே திகைக்கிறார்கள். தந்தை பிறந்தது ஒரு மாநிலம். தாய் பிறந்தது மற்றொரு மாநிலம். இரண்டு வீட்டிற்கும் நடுவே அரைமணி நேர நடை. இதனை ஒரே சொல்லில் விளக்குவது எப்படி? ஆதலின், அந்த ஊர்கள் அமைந்த நிலம் எத்தகையது, அவற்றின் நடுவே எல்லை வந்தது எவ்வாறு, இன்று அவற்றை ஆள்வோர் யார், அந்த ஆட்சியில் நம் வீட்டாருக்குள்ள பங்கு என்ன என்பவற்றை எடுத்துச் சொல்ல முயல்கிறோம்.

நிலத்தின் அமைப்பு

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் நெய்யாற்றின்கரை. இன்னும் பத்துக் கிலோமீட்டர் சென்றால் பாறசாலை. அதைத் தாண்டி இஞ்சிவிளை. இஞ்சிவிளையை ஒட்டினாற்போல் களியக்காவிளை. இஞ்சிவிளை கேரளம்; களியக்காவிளை தமிழ்நாடு. பேருந்தில் கண்ணயர்ந்திருப்பவர் எல்லை கடந்ததை அறியமாட்டார். கடைப் பலகையில் எழுத்து மாறியிருப்பதைக் கண்டால்தான் தெரியும்.

மாநில எல்லை என்றால் ஓர் ஆறோ மலையோ குறுக்கே நிற்கும் என்று நாம் எண்ணுவது இயல்பு. இங்கே அவ்வாறு இல்லை. வடக்கே நெய்யாறு ஓடுகிறது. அது அகத்தியமலையில் பிறந்து, 56 கிலோமீட்டர் ஓடி, பூவாற்றில் கடலோடு கலக்கிறது. தெற்கே குழித்துறையாறு என்று நம்மவர் சொல்லும் தாமிரபரணி ஓடுகிறது. திருநெல்வேலித் தாமிரபரணி வேறு. இது கோதையாறும் பறளியாறும் சேர்ந்து குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலடையும் ஆறு. எல்லைக்கோடு இந்த இரண்டு ஆறுகளையும் தொடாமல், இடைப்பட்ட நாட்டின் நடுவே, வீட்டுப் புரையிடங்களையும் தோட்டங்களையும் ஒட்டி வளைந்து வளைந்து செல்கிறது.

இந்நாடு மூன்று பட்டைகளாக அமைந்தது. கிழக்கே அம்பூரி, வெள்ளறடைப் பக்கம் மலையடிவாரம். அங்கே ரப்பரும் மிளகும் விளைகின்றன. மேற்கே குளத்தூர்ப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பொழியூர் கடற்கரை. அதை அடுத்தது தமிழ்நாட்டு நீரோடி. இரண்டிற்கும் இடையே செம்மண் மேடும் பள்ளமும் மாறிமாறி வரும் நடுநாடு. அதில்தான் பாறசாலையும் செங்கலும் காரோடும் குன்னத்துக்காலும் உள்ளன. மேட்டு நிலத்தை விளை என்கிறோம். பள்ளத்து வயலை ஏலா என்கிறோம். விளையில் தென்னையும் பனையும் மரச்சீனியும். ஏலாவில் ஒரு காலத்தில் நெல், இன்று பெரும்பாலும் வாழை. மேட்டில் வீடும் பள்ளத்தில் வயலும் இருப்பதால், வீடுகள் ஒரே இடத்தில் நெருங்கி நில்லாமல், ஒவ்வொன்றும் தன் தோட்டத்து நடுவில் தனித்து நிற்கின்றன. திருநெல்வேலி, மதுரைப் பக்கத்தில் ஓர் ஊர் முடிந்து, வெட்டவெளி வந்து, பிறகு அடுத்த ஊர் தோன்றும். நம் பக்கத்தில் ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று ஊராரே சொல்லத் தயங்குவர். இந்த நில அமைப்பை மனத்தில் கொண்டால், பின்னால் நாம் சொல்லப்போகும் ஆட்சி முறையும் எளிதில் விளங்கும்.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். இஞ்சிவிளை, அமரவிளை எல்லைக்கு அப்பால், களியக்காவிளை இப்பால். பனச்சமூடு என்னும் எல்லைச் சந்தையின் பெயரில் உள்ள மூடு, மரத்தின் அடி என்று பொருள்படும். நிலத்திற்குப் பெயரிட்டவர்கள் ஒரே மக்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயிரத்து நூறாண்டுக்கு முந்தைய சபை

'விளை' என்ற சொல்லின் பழமைக்கும், இந்நாட்டு ஊராட்சியின் பழமைக்கும் ஒரே செப்பேட்டில் சான்று கிடைக்கிறது. களியக்காவிளைக்குத் தெற்கே, முஞ்சிறையை அடுத்துள்ளது பார்த்திவபுரம். அதன் பழம்பெயர் பார்த்திவசேகரபுரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் அங்கே திருமாலுக்கு ஒரு கோயில் எடுத்து, அதனோடு ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்பது இங்கே பாதையன்று. மாணவர்க்கு ஊணும் உறையுளும் கல்வியும் அளித்த நிலையம். காந்தளூர்ச் சாலையைப் பின்பற்றி, 95 மாணவர்க்கு அதில் இடம் வகுத்தான்.

நாம் கவனிக்க வேண்டியது அரசனின் கொடையை மட்டுமன்று; அவன் நிலம் பெற்ற முறையை. அந்நிலம் உழக்குடிவிளை என்னும் பெயருடையது. முஞ்சிறைச் சபையாருக்கு உரியது. நாட்டை ஆளும் மன்னன் அதனைப் பறித்துக்கொள்ளவில்லை. வேறு நிலத்தை மாற்றாகக் கொடுத்துச் சபையாரிடமிருந்து பெற்றான். அச்செய்தியைச் செப்பேட்டிலும் எழுதுவித்தான். அந்தச் சபை இன்றைய பஞ்சாயத்தைப் போல எல்லாரும் வாக்களித்து அமைத்த சபையன்று. ஒரு பிரிவினரின் சபையே. ஆயினும் ஊருக்கு உரிய பொருளைப் பற்றி ஊர்ச் சபையோடு பேசித்தான் முடிவு செய்யவேண்டும் என்ற நெறி, மன்னனையும் கட்டிய நெறியாக இங்கே இருந்தது. இந்த நெறியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்வந்த காலத்தில் ஊர்களைக் கேளாமலே ஊர்களின் நடுவே ஒரு கோடு போடப்பட்டது.

எல்லை பிறந்த வரலாறு

திருவிதாங்கூர்க் காலத்தில் நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் அடுத்தடுத்த இரு தாலுகாக்கள். ஒரே அரசர், ஒரே நாணயம், ஒரே சட்டம். 1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது, இரண்டு தாலுகாக்களும் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே இருந்தன. அந்நாளில் தாலுகா எல்லை என்பது எந்தக் கச்சேரியில் வரி கட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் கோடு, அவ்வளவே.

நாடு விடுதலை பெறும் தறுவாயிலேயே, தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்ற இயக்கம் தென்திருவிதாங்கூரில் எழுந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் அதனை நடத்தியது. நேசமணி அவர்கள் அதன் பெருந்தலைவராக விளங்கினார். 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அந்த இயக்கம் கேட்ட பகுதிகளில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. பசல் அலி தலைமையில் அமைந்த மாநிலச் சீரமைப்புக் குழு 1955இல் அறிக்கை தந்தது. அதன்படி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 முதல் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

எந்த அலகைக் கொண்டு அளப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. இங்கே தாலுகாவை அலகாகக் கொண்டார்கள். ஒரு தாலுகாவில் எந்த மொழியினர் பெரும்பான்மையோ, அந்தத் தாலுகா முழுவதும் அந்த மாநிலத்திற்கு. தாலுகாவின் ஓரத்தில் உள்ள ஒரு கிராமத்தார் எந்த மொழி பேசுகிறார்கள், எந்தச் சந்தைக்குப் போகிறார்கள், எந்த வாய்க்காலில் நீர் பெறுகிறார்கள் என்பது கணக்கில் வரவில்லை. இதன் பயன் இருபக்கமும் விளைந்தது. நெய்யாற்றின்கரையின் தென்னோரத்துத் தமிழ்க் குடும்பங்கள் கேரளத்தில் நின்றன. விளவங்கோட்டின் வடவோரத்து மலையாளக் குடும்பங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. ஒரு பக்கத்தார் மட்டும் இழந்தார்கள் என்று சொல்வது நேர்மையாகாது.

சில ஆண்டுகள் கழித்து ஆந்திர எல்லையில் வேறு முறை கையாளப்பட்டது. படாஸ்கர் என்பார் கிராமத்தை அலகாகக் கொண்டு, மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் பார்த்து எல்லையை வகுத்தார். 1960 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. கிராமத்தை அலகாகக் கொள்வதும் இயலக்கூடியதே என்பதற்கு இது சான்று. மேலும் ஒன்று: பிரிக்கக்கூடாத அலகாகக் கருதப்பட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகாவே 2014இல் பிரிக்கப்பட்டு, அதன் கிழக்குப் பகுதி புதிதாக அமைந்த காட்டாக்கடைத் தாலுகாவில் சேர்ந்தது. விளவங்கோடும் பின்னர்ப் பிரிந்தது. தாலுகாக்கள் மாறின, அவற்றைக் கொண்டு போட்ட கோடு மட்டும் மாறாமல் நிற்கிறது.

இதனைச் சொல்வது பழைய வழக்கை மீண்டும் தொடுப்பதற்காக அன்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக இருபக்கத்து மக்களும் தத்தம் மாநிலத்தில் வேரூன்றிவிட்டார்கள். கோடு எங்கே இருக்கவேண்டும் என்பது இன்றைய கேள்வியன்று. கோடு இருக்கும் நிலையில், அதன் இருபுறத்து ஊர்களும் தங்கள் காரியங்களை எவ்வாறு நடத்திக்கொள்வது என்பதே கேள்வி.

இரண்டு மாநிலம், இரண்டு ஊராட்சி முறை

கேரளப் பக்கத்தில் மூன்றடுக்கு முறை. கீழே கிராமப் பஞ்சாயத்து, நடுவே பிளாக் பஞ்சாயத்து, மேலே மாவட்டப் பஞ்சாயத்து. கேரளம் முழுவதற்கும் 941 கிராமப் பஞ்சாயத்துகளே உள்ளன. தமிழ்நாட்டிலோ பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள். இந்த வேறுபாட்டின் காரணத்தை முன்னரே கண்டோம். தோட்டத்து வீடுகளாகப் பரந்து கிடக்கும் நாட்டில் தனித்தனிச் சிற்றூராகப் பிரிக்க இயலாது. ஆகவே பாறசாலை போன்ற ஒரு பஞ்சாயத்து, ரயில் நிலையமும் கடைவீதியும் பெரிய மருத்துவமனையும் உடையதாயினும், பெயரளவில் கிராமமே. பாறசாலை பிளாக்கில் பாறசாலை, காரோடு, குளத்தூர், செங்கல், திருப்புறம், பூவாறு ஆகிய பஞ்சாயத்துகள் உள்ளன. வெள்ளறடை, குன்னத்துக்கால், அம்பூரி முதலியன பெருங்கடவிளை பிளாக்கைச் சேர்ந்தவை. நெய்யாற்றின்கரை நகரம் நகராட்சி.

எல்லை தாண்டினால் காட்சி மாறுகிறது. அதே மாதிரி நிலம், அதே மாதிரி தோட்டத்து வீடுகள், ஆனால் களியக்காவிளை பேரூராட்சி, குழித்துறை நகராட்சி, 2021இல் கொல்லங்கோடும் ஏழுதேசமும் சேர்ந்து கொல்லங்கோடு நகராட்சி ஆயின. கன்னியாகுமரி மாவட்டத்தில் கிராம ஊராட்சிகளோடு பேரூராட்சிகளும் பல உள்ளன. ஒரே வகை ஊர், ஒரு பக்கம் கிராமம் என்றும் மறுபக்கம் பட்டணம் என்றும் பெயர் பெற்றிருக்கிறது.

இது வெறும் பெயர் வேறுபாடு அன்று. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராமசபை உண்டு. வார்டின் வாக்காளர் எல்லாரும் அதன் உறுப்பினர். மூன்று மாதத்திற்கு ஒரு முறையேனும் அது கூடவேண்டும். வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வீடு கட்ட உதவி யாருக்கு, கிணற்றுக்கு உதவி யாருக்கு, எந்தப் பாதையை முதலில் செப்பனிடுவது என்ற வரிசை அங்கே வைக்கப்படுகிறது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்திற்குப் பின், மாநிலத் திட்டப் பணத்தில் பெரும்பங்கு உள்ளாட்சிகளுக்கு வந்தது. ஆரம்பச் சுகாதார நிலையம், கிருஷிபவன், தொடக்கப்பள்ளி, அங்கன்வாடி யாவும் பஞ்சாயத்தின் பொறுப்பில் வந்தன. 2010 தேர்தல் முதல் பாதி இடங்கள் பெண்களுக்கு. 1995 தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தலும் தவறாமல் நடந்து வந்துள்ளது.

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேரளத்தில் உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் இல்லை, கேரளத்தில் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமசபை முன்னர் ஆண்டுக்கு நான்கு நாள் கூடிவந்தது. இப்போது தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறு நாள் ஆயிற்று. ஆனால் அந்தக் கிராமசபை கிராம ஊராட்சிகளுக்கே உரியது. களியக்காவிளை போன்ற பேரூராட்சிக்கு இல்லை. பேரூராட்சி, நகராட்சிகளுக்கெனப் பகுதிசபை என்ற முறை அண்மையில்தான் வந்தது. தேர்தலும் காலந்தவறாமல் நடைபெறவில்லை. 2016இல் நடக்கவேண்டிய ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நம் மாவட்டத்தில் நடந்தது. அவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபின் தனி அலுவலரிடம் பொறுப்புச் சென்றது. சபை என்னும் வகையில் கேரளப் பக்கத்து உறவினர் பெற்றிருக்கும் வாய்ப்புப் பெரிது. தலைவரைத் தாமே தேரும் உரிமை என்னும் வகையில் தமிழ்நாட்டுக் கிராமத்தார் பெற்றிருக்கும் வாய்ப்புப் பெரிது. ஒருவர் மற்றவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

வறண்ட வாய்க்கால்

இனி, மனத்தை வருத்தும் ஒரு செய்திக்கு வருகிறோம். நெய்யாற்று அணை திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிக் காலத்தில் தொடங்கப்பட்டு, 1950களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குத் திட்டம் வகுத்தபோது நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே மாநிலம். ஆகவே அதன் இடதுகரைக் கால்வாய், நெய்யாற்றின்கரை நிலங்களைக் கடந்து விளவங்கோட்டு நிலங்களுக்கும் செல்லுமாறு அமைக்கப்பட்டது. கால்வாய் வெட்டி முடியும் முன்னே மாநிலம் இரண்டாயிற்று. ஆயினும் தண்ணீர் வந்தது, பல்லாண்டுகள் வந்தது. விளவங்கோட்டில் ஏறத்தாழ 9,200 ஏக்கர் அதனை நம்பியிருந்தது.

2004 முதல் அந்த நீர் நின்றது. நெய்யாறு தன் மாநிலத்திலேயே பிறந்து தன் மாநிலத்திலேயே கடலடையும் ஆறு. ஆதலின் அது மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறன்று என்பது கேரளத்தின் வாதம். அணையும் கால்வாயும் விளவங்கோட்டுக்கும் சேர்த்தே கட்டப்பட்டவை, பழகிவந்த பாசன உரிமையை மறுக்கலாகாது என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீள, கால்வாயில் புல் முளைத்தது. நீர் வராத ஏலாவில் வாழையும் மரச்சீனியும் வைத்தார்கள். சிலர் ரப்பர் வைத்தார்கள். சிலர் மனையாக விற்றார்கள். இளையவர்கள் வேலை தேடி வெளியூர் புறப்பட்டார்கள். இக்கூட்டத்தில் அமர்ந்திருப்போரில் சிலர் எந்த வாய்க்கால் வறண்டதால் இந்தக் காலனிக்கு வந்தார்கள் என்பது அவரவர் நெஞ்சுக்குத் தெரியும்.

இது இரண்டு அரசுகளுக்கு இடையே உள்ள வழக்கு. பஞ்சாயத்தால் தீர்க்கக்கூடியது அன்று. ஆனால் கால்வாயின் கரையைக் காப்பது, அதில் குப்பை கொட்டாமல் தடுப்பது, மடையைத் தூர்க்காமல் வைப்பது ஆகியவை ஊர்களின் கையில் உள்ளவை. தீர்ப்பு வரும் நாளில் நீர் ஓடுவதற்கு வாய்க்கால் இருக்கவேண்டும் அன்றோ?

இரண்டுக்கும் நடுவே விழுந்தவை

நீரைப் போலவே வேறு சிலவும் கோட்டின் நடுவே சிக்கிக்கொள்கின்றன. பூவாற்றிலிருந்து தெற்கே கடற்கரையோரமாக 19ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அனந்தவிக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் இன்று தூர்ந்து கிடக்கிறது. ஒரு பக்கத்தார் மட்டும் தூர்வாரினால் அது முழுப் பயன் தராது. கடலரிப்பு பொழியூரையும் நீரோடியையும் ஒரே அலையால் தாக்குகிறது. ஓரிடத்தில் கல்லிட்டுக் கரையைக் காத்தால் அலை அடுத்த இடத்தில் உறைக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர், வள்ளவிளை, நீரோடி வீடுகளிலும், பொழியூர், விழிஞ்ஞம், பூந்துறை வீடுகளிலும் ஒரே நாளில் அழுகுரல் எழுந்தது. காணாமற்போனவர்களைக் கணக்கிட்ட பதிவேடுகள் மட்டும் இரண்டாக இருந்தன.

2020ஆம் ஆண்டு நோய்க்காலத்தில், அதுவரை கண்ணுக்குத் தெரியாதிருந்த கோடு கண்ணுக்குத் தெரிந்தது. வெளியிலிருந்து கேரளம் திரும்புவோர் நுழைவதற்கென்று குறித்த சாவடிகளுள் இஞ்சிவிளையும் ஒன்று. அனுமதிச் சீட்டு இல்லாமல் அக்காள் வீட்டுக்கும் போக இயலாத நிலையை நம் உறவினர் அப்போது அறிந்தார்கள்.

மற்றொன்று சிறியதாகத் தோன்றும். ஆனால் குடும்பங்களை அலைக்கழிப்பது. பிறப்பையும் இறப்பையும், அவை நிகழ்ந்த இடத்து உள்ளாட்சியில்தான் பதியவேண்டும் என்பது 1969ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். பாறசாலைப் பெண் மார்த்தாண்டத்து மருத்துவமனையில் பிள்ளை பெற்றால், சான்று தமிழ்நாட்டில். களியக்காவிளைப் பெரியவர் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் காலமானால், சான்று கேரளத்தில். பல ஆண்டு கழித்துப் பாஸ்போர்ட்டுக்கும் பாகப்பிரிவினைக்கும் அந்தச் சான்று தேவைப்படும்போது, எந்த அலுவலகம் என்று தெரியாமல் இருபக்கமும் அலைகிறார்கள். நிகழ்ந்த உடனே பதிந்து, பெயரெழுத்தைச் சரிபார்த்து, இரண்டு படி வாங்கி வைப்பது நலம். தமிழில் ஒரு விதமாகவும் மலையாளத்தில் ஒரு விதமாகவும் எழுதப்பட்ட பெயர், ஆங்கிலத்தில் மூன்றாவது விதமாக ஆகிவிடுவதை நாம் பலர் வீட்டில் கண்டிருக்கிறோம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், அம்மாநிலத்துத் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று இடமளிக்கிறது. அரசியலமைப்பின் 350-அ பிரிவு, சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தருமாறு அரசுகளைப் பணிக்கிறது. இந்த இரண்டு உரிமைகளும் கேட்பவருக்கே பயன்படும். தமிழில் மனு எழுதுவார் இல்லையேல் தமிழ் தெரிந்த எழுத்தருக்குத் தேவை இல்லை. தமிழ் வகுப்பில் பிள்ளை இல்லையேல் தமிழாசிரியருக்கு இடம் இல்லை. விளவங்கோட்டில் மலையாளம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும். நமக்கு வேண்டும் உரிமையை அண்டை வீட்டாருக்கு மறுத்தல் தகாது.

நாம் செய்யத்தக்கவை

இவ்வளவு தொலைவில் இருக்கும் நாம் என்ன செய்ய இயலும் என்று கேட்கலாம். நமக்கு வாக்கு இந்நகரத்தில். அங்குள்ள கிராமசபையில் நாம் அமர இயலாது. ஆனால் பலருடைய பெயர் இன்னும் அங்குள்ள பட்டியலில் கிடக்கிறது. பெயர் அங்கே, ஆள் இங்கே! பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் சபை கூடும் என்றோம். வராதவர் பெயர் பட்டியலைப் பெருக்கினால், வந்தவர் கூடியும் பயனின்றிக் கலையவேண்டி வரும். ஒருவருக்கு ஓரிடத்தில்தான் வாக்கு என்பது சட்டம். இங்கே வாக்குரிமை பெற்றவர் அங்கே தம் பெயரை நீக்கச் சொல்லிவிடுவது, ஊருக்குச் செய்யும் எளிய நன்மை.

இரண்டாவது, ஊரில் இருக்கும் பெற்றோர்க்கும் உடன்பிறந்தார்க்கும் வாரந்தோறும் தொலைபேசியில் பேசுகிறோம். மழை பெய்ததா, மாமிக்கு உடல்நலம் எப்படி என்று கேட்கிறோம். அதனோடு, "கிராமசபைக்குப் போனீர்களா? என்ன பேசினார்கள்?" என்றும் கேட்போம். நாம் கேட்டால் அவர்கள் போவார்கள். குறிப்பாக, வீட்டுப் பெண்கள் போகவேண்டும். குடிநீருக்குக் குடம் சுமப்பவர் பேசினால்தான் குழாய்க்கு வழி பிறக்கும்.

மூன்றாவது, எல்லையை ஒட்டிய உள்ளாட்சிகள் தம்முள் கலந்து பேசும் வழக்கம் வரவேண்டும். ஆற்றுநீர் வழக்கைப் பற்றி அவர்கள் பேசவேண்டியதில்லை. இறைச்சிக் கழிவை ஒரு பக்கத்திலிருந்து ஏற்றி மறுபக்கத்துக் குளத்தில் கொட்டும் கயவரைத் தடுப்பது, எல்லைச் சந்தையின் சாக்கடையைச் சேர்ந்து துப்புரவு செய்வது, கொள்ளைநோய்ச் செய்தியை உடனுக்குடன் பரிமாறிக்கொள்வது ஆகியவற்றைப் பேசலாம். பாறசாலைப் பஞ்சாயத்தாரும் களியக்காவிளைப் பேரூராட்சியாரும் ஆண்டுக்கு இருமுறை ஒரே மேசையில் அமர்ந்தால், இவற்றுள் பல எளிதில் தீரும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வார்டு உறுப்பினரைக் கண்டு இதனை எடுத்துச் சொல்வோம். இருபக்கத்திலும் உறவு உள்ளவர்கள் நாம். நாம் சொல்வதற்கு இருபக்கத்திலும் மதிப்பு உண்டு.

நான்காவது, நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு நாளை ஊர்ப்படம் வரைவதற்கென ஒதுக்குவோம். பிள்ளைகள் நெய்யாற்றையும் குழித்துறையாற்றையும் வரைந்து, இடையே தாத்தா வீட்டையும் ஆச்சி வீட்டையும் குறிக்கட்டும். கோட்டை வரைவதற்கு முன் ஆறுகளை வரையச் சொல்வோம். எது முந்தியது என்று அவர்களுக்கு அப்போது விளங்கும்.

பெரியோர்களே! நம் காலனியில் தண்ணீர்த் தொட்டி நிறையாத நாளில் எல்லாரும் முற்றத்தில் கூடிப் பேசி, முறைவைத்துக்கொள்கிறோம். எந்த மொழியினர், எந்த மாநிலத்தார் என்று அப்போது யாரும் கேட்பதில்லை. அந்த வழக்கம் நாம் ஊரிலிருந்து கொண்டுவந்தது. ஆயிரத்து நூறாண்டுக்கு முன்னே முஞ்சிறைச் சபையிடம் மன்னன் நிலம் கேட்டுப் பெற்ற நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். அந்த வழக்கம் ஊரில் தளராதிருக்க நம்மால் இயன்றதைச் செய்வோம்.

 சங்கம் வளர்க! ஊர்கள் இரண்டும் வாழ்க!